வளவில் குழி வெட்டும்போது பழைய பானையும் எலும்பும் வந்தால்: யாழ்ப்பாணத்தில் என்ன செய்வது?

கேள்வி இதுதான். கந்தரோடைப் பக்கம் ஒரு குடும்பம் மலசலகூடக் குழி வெட்டுகிறது. மூன்றடிக்குக் கீழே கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள், மண்ணுக்குள் புதைந்தபடி ஒரு முழுப் பானையின் விளிம்பு, அதற்குப் பக்கத்தில் எலும்புத் துண்டுகள். யாருக்குச் சொல்வது, சொன்னால் காணி போய்விடுமா, ஊர் இளைஞர்களாக நாங்கள் ஏதும் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெட்டுவதை நிறுத்துங்கள். பானையை எடுக்க வேண்டாம். அளந்து, படம் எடுத்து, குழியை மூடி வைத்து, எழுத்தில் அறிவியுங்கள். அறிவித்ததால் மட்டும் காணி உங்கள் கையை விட்டுப் போகாது. ஊர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதில் பெரும்பகுதிக்கு மண்வெட்டியே தேவையில்லை. இனி ஒவ்வொன்றாக.

முதலில் எலும்பு. அது மனித எலும்பாக இருக்கலாம் என்ற ஐயம் வந்தாலே முதல் தகவல் பொலிசுக்குத்தான் போக வேண்டும், தொல்லியல்காரருக்கு அல்ல. கூடவே பழைய ஓடு கிடக்கிறது என்பதால் இது ஈமக்குழிதான் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. போர்க்காலப் புதைகுழிகள் வெளிப்பட்ட செம்மணி உள்ள மாவட்டம் இது. நீதவானின் உத்தரவு, சட்ட வைத்திய அதிகாரியின் பார்வை எல்லாம் முடிந்த பிறகுதான் அது தொல்லியல் விடயமா இல்லையா என்று தெரியவரும். மன்னார் நகரில் 2018இல் கட்டட வேலையின்போது வெளிப்பட்ட புதைகுழியை நினைத்துப் பாருங்கள். முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அமெரிக்க ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பிய ஆறு எலும்பு மாதிரிகளின் காலக்கணிப்பு 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டதாக வந்தது. ஆறு மாதிரியை வைத்து முழுக் குழிக்கும் காலம் சொல்ல முடியுமா, கூடக் கிடைத்த பொருட்கள் என்ன சொல்கின்றன என்று காணாமற்போனோரின் குடும்பத்தவர் சார்பில் கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. எந்த எலும்பு எந்த மண் அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்ற பதிவு இல்லாவிட்டால் ஆய்வகத்தின் எண் தனியே நின்று எதையும் தீர்க்காது. உங்கள் குழியிலும் எலும்பைத் தூக்கிப் பார்க்க வேண்டாம், ஒன்று சேர்த்துப் பையில் போட வேண்டாம். துணிக்கிழிசல், பொத்தான், பிளாஸ்டிக், சன்னக் கோது ஏதும் கண்ணில் பட்டால் அதையும் தொடாமல் படம் எடுத்து வையுங்கள்.

இன்னொரு அபாயமும் இங்கே உண்டு. துருப்பிடித்த இரும்பு உருண்டை, குழாய், தகடு எது வந்தாலும் அது பழங்கால இரும்பு என்று தட்டிப் பார்க்காதீர்கள். ஆட்களை விலக்கிவிட்டு 119க்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இப்போது பானைக்கு வருவோம். வெளியே தெரிவது விளிம்பு மட்டும் என்றால் அதைச் சுற்றித் தோண்டி முழுதாக எடுத்துவிடும் ஆசை வரும். கெடுதல் தொடங்குவது அங்கேதான். மண்ணின் ஈரத்திலும் அழுத்தத்திலும்தான் அந்தப் பானை இவ்வளவு காலம் முழுதாக நின்றிருக்கிறது. பக்கத்து மண்ணை எடுத்ததும் விளிம்பு கழன்று விழும். அதைவிடப் பெரிய இழப்பு உள்ளே இருக்கும் மண். கருகிய தானியம், மீன் முள், மணிகள், சில வேளை எலும்புத் துகள் எல்லாம் அந்த மண்ணுக்குள்தான் இருக்கும். பானையைக் கவிழ்த்துக் கழுவி அலுமாரியில் வைத்தால் மிஞ்சுவது பானை மட்டுமே.

ஆனைக்கோட்டை முத்திரை ஏன் முக்கியமானது என்று யோசித்தால் இது விளங்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் 1980களின் தொடக்கத்தில் அங்கே பெருங்கற்கால ஈமக்குழிகளை அகழ்ந்தபோது கிடைத்தது அது. மேல்வரியில் குறியீடுகள், கீழ்வரியில் ‘கோவேத’ என்று வாசிக்கப்படும் பிராமி எழுத்துகள். ஒரு பழைய பொருள் கடையில் இதே முத்திரை கிடைத்திருந்தால் வாதம் முடிவில்லாமல் நீண்டிருக்கும், போலி என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். எலும்புக்கூட்டோடு, ஈமப் பாண்டங்களோடு, அறிந்த மண் அடுக்கில் கிடைத்ததால்தான் கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் அதை வைக்க முடிகிறது. இன்று அதைப் பற்றி எழுதுவோரில் பெரும்பாலோர் பார்த்திருப்பது அதன் நிழற்படத்தையும் கோட்டுவரைபடத்தையும்தான் என்பதையும் மனதில் வையுங்கள். பதிவு என்பது பொருளுக்கு இரண்டாம் பட்சம் அல்ல.

கந்தரோடையும் அப்படியே. போல் ஈ. பீரிஸ் அங்கே கண்டவற்றைப் பற்றி 1917இலும் 1919இலும் எழுதினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் குழு அகழ்ந்தது. ரௌலட்டட் எனப்படும் கீறல் வரிசையிட்ட ஓடுகளுக்குக் கீழே, அவற்றுக்கு முந்திய கறுப்பு-சிவப்பு ஓடுகள் கொண்ட மண் அடுக்குகள் இருக்கின்றன என்பது அந்தக் குழிகளின் வெட்டுமுகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது, தனித்தனி ஓட்டைப் பார்த்து அல்ல. இரண்டையும் அடையாளம் காண்பது கடினமில்லை. கறுப்பு-சிவப்பு ஓட்டின் உட்பக்கம் முழுக்கக் கறுப்பு, வெளியே விளிம்புப் பக்கம் கறுப்பு, அடிப்பக்கம் சிவப்பு. ரௌலட்டட் பெரும்பாலும் சாம்பல் நிறம், மெல்லியது, நகத்தால் தட்டினால் கணீரென்னும். தட்டின் உள்ளடியில் வட்ட வட்டமாக நுண்ணிய கீறல் வரிசைகள் இருக்கும். ஆனால் வடக்கில் வளவு மண்ணிலிருந்து வருவதில் கணிசமான பங்கு கடந்த நூற்றைம்பது வருடத்துச் சட்டி, கூரை ஓடு, நீலப்பூப் போட்ட பீங்கான். அதையும் படம் எடுத்து அனுப்புங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அளப்பது எப்படி? கைபேசியின் இருப்பிடம் திறந்த வெளியில் மூன்று முதல் ஐந்து மீற்றர் வரை பிழைக்கும், மாமரத்துக்கும் பனைக்கும் கீழே இன்னும் கூட. ஒரு வளவுக்குள் ஐந்து மீற்றர் பிழை என்றால் குழி வேலிக்கு அப்பால் அயலவர் காணிக்குள் போய்விடும். ஆகவே கைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டாலும் நாடாவாலும் அளக்க வேண்டும். அசையாத இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள், வீட்டின் இரண்டு மூலைகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலிருந்தும் பானையின் நடுவுக்கு நாடா பிடித்து இரண்டு தூரங்களையும் எழுதுங்கள். குழி வீட்டின் எந்தப் பக்கம் என்பதையும் குறித்துவிட்டால், எதிர்காலத்தில் யாரும் அந்த இரண்டு எண்ணை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கலாம். வேலிக் கதியாலும் வாழையும் நிலையான புள்ளிகள் அல்ல.

ஆழத்தில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். ‘நிலத்திலிருந்து மூன்றடி’ என்று எழுதினால் போதாது, ஏனென்றால் நிலம் மாறும். அடுத்த வருடம் இரண்டு லோட் மண் பறித்தால் மூன்றடி நாலடியாகிவிடும். கிணற்றுக் கட்டின் மேற்பரப்பையோ வாசற்படியையோ பூச்சியமாக வையுங்கள். மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் இருக்கிறதல்லவா, அதே ஒளி ஊடுருவும் குழாயில் நீர் நிரப்பி, ஒரு முனையைக் கிணற்றுக் கட்டிலும் மறுமுனையைக் குழியோரத்தில் நட்ட தடியிலும் பிடித்து மட்டத்தைக் குறியுங்கள். அந்தக் குறியிலிருந்து பானை விளிம்புக்கு நேர்கீழாக நாடா விட்டால் ஆழம் கிடைக்கும். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும், நிரப்பியதும் விரலால் தட்டிக் குமிழியை ஏற்றிவிடுங்கள்.

படங்கள் குறைந்தது மூன்று விதமாக வேண்டும். வீடும் கிணறும் தெரிய ஒன்று, குழி முழுதும் தெரிய ஒன்று, பொருள் மட்டும் நெருக்கமாக ஒன்று. கடைசி இரண்டிலும் ஒரு அடிமட்டம் கிடக்கட்டும். ஒரு காகிதத்தில் திகதியும் வடக்குத் திசை அம்புக்குறியும் போட்டு அதையும் சட்டகத்துக்குள் வையுங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் குழிக்குள் பாதி கறுப்பாகவும் பாதி வெள்ளையாகவும் போய்விடும். ஒரு சேலையைப் பிடித்து முழுக் குழிக்கும் நிழல் போட்டு எடுங்கள். குழியின் ஒரு பக்கச் சுவரைக் கரண்டியால் மேலாகச் சீவிச் சுத்தமாக்கினால் அடுக்குகள் தெளியும்: மேலே உழவில் கலங்கிய மண், பிறகு செம்மண், சாம்பல் கலந்த கருமண், சிப்பி மட்டம், கடைசியில் சுண்ணாம்புக்கல். ஒவ்வொன்றின் தடிப்பையும் எழுதுங்கள். சீவுவது என்றால் சீவுவது மட்டும்தான். சுவரை உள்ளே குடைந்தால் அது அகழ்வு, அதற்கு அனுமதி வேண்டும்.

ஏற்கெனவே வெளியே எடுத்துப் போட்ட மண்ணை வீச வேண்டாம், வாழைக்குப் போடவும் வேண்டாம். தனியாகக் குவித்துத் தறப்பாளால் மூடி வைத்தால் ஆய்வாளர்கள் வந்து சலிப்பார்கள். இரண்டு மூன்று மில்லிமீற்றர் கண் உள்ள அரிதட்டில் சலித்தால்தான் சிறு மணிகள் நிற்கும். மணல் அரிக்கும் கட்டடக்காரர் அரிதட்டில் எல்லாம் ஒழுகிவிடும்.

வெளியே வந்துவிட்ட ஓடுகளை நிழலில் மெதுவாக உலர விடுங்கள். கடனீரேரிக்கும் உவர் நிலத்துக்கும் பக்கத்தில் புதைந்தவற்றில் உப்பு ஊறியிருக்கும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் உப்பு மேற்பரப்புக்கு வந்து பளிங்காகி, பூச்சைத் தோல் தோலாகக் கிளப்பிவிடும். காய்ந்ததும் பொலித்தீன் பையில், சில துளைகள் போட்டு வையுங்கள். துளையில்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஒவ்வொரு பைக்கும் இரண்டு சிட்டை, ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. பென்சிலால் எழுதுங்கள். குமிழ்முனைப் பேனா மை ஈரத்தில் ஓடிவிடும், மார்க்கர் ஒரு வருடத்தில் மங்கிவிடும். பை இலக்கம், ஊர், ஜே இலக்கத்தோடு கிராம அலுவலர் பிரிவு, காணியின் பெயர், ஆழம், திகதி, எடுத்தவரின் ஒப்பம். ஓட்டின் மேலேயே எழுதாதீர்கள்.

செப்புக் காசு வந்தால் புளி போட்டுத் தேய்ப்பது நம் வீடுகளில் மாறாத பழக்கம். குத்துவிளக்குக்குச் சரி, காசுக்குச் சாவு. யாழ்ப்பாண அரசர்களான ஆரியச் சக்கரவர்த்திகளின் நந்தியும் ‘சேது’ என்ற எழுத்தும் பொறித்த காசுகள் பல இப்படித்தான் மொட்டையாகிவிட்டன. பச்சைப் படிவம் அழுக்கு அல்ல. எழுத்தின் விளிம்பு பல வேளை அந்தப் படிவத்துக்குள்தான் இருக்கும், செம்போடு சேர்ந்து அது கரைந்தால் எழுத்தும் போய்விடும். தனிக் காகித உறையில் போட்டு உலர்ந்த டப்பாவில் வையுங்கள். இரும்புக்கும் உலர்வுதான் வேண்டும், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்தாலே உதவும். மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் பூச வேண்டாம். எலும்பை உறுதிப்படுத்த பசை பூசுவது அதைவிட மோசம், பிறகு காலக்கணிப்பும் மரபணு ஆய்வும் கெடும்.

கரி பற்றி ஒரு குறிப்பு. காலக்கணிப்புக்கு அது பொன். கையால் தொடாமல் சுத்தமான கரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும், பஞ்சிலோ காகிதத்திலோ அல்ல. அதையும் ஆய்வாளரே எடுக்கட்டும், நீங்கள் இடத்தைக் காட்டினால் போதும். ‘கார்பன் டேட்டிங் செய்தால் சரியான வருடம் வந்துவிடும்’ என்ற நம்பிக்கை மட்டும் வேண்டாம். கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் கதிரியக்கக் கரிமத்தின் திருத்தக்கோடு, அதாவது ஆய்வகத்தின் எண்ணை ஆண்டாக மாற்ற உதவும் கோடு, ஏறத்தாழத் தட்டையாகக் கிடக்கிறது. அந்தக் காலத்து மாதிரி எதுவானாலும் விடை நூற்றாண்டுக் கணக்கில் அகன்றுதான் வரும். இரும்புக்காலத் தொடக்கத்தைத் தேடும் கந்தரோடை போன்ற இடத்துக்கு இது பெரிய தலையிடி. சிப்பியைக் கொடுத்தால் வேறு சிக்கல். கடல் நீரிலுள்ள பழைய கரிமத்தால் நூற்றாண்டுக் கணக்கில் பழமையாகக் காட்டும். சுண்ணாம்புக்கல் நாட்டில் நன்னீர் நத்தை ஓடும் அப்படியே ஏமாற்றும். ஆகவே ‘உலகிலேயே பழைய’ என்று தொடங்கும் செய்தியைக் கண்டால் எந்தப் பொருளில் எத்தனை மாதிரி என்று கேளுங்கள்.

இனி அறிவித்தலும் காணியும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியதைத் தொல்பொருள் என்கிறது. ஒரு காணியில் கிடைத்தது என்பதற்காக மட்டும் தொல்பொருள் காணிக்காரருக்குச் சொந்தமாகாது. உரிமையாளர் என்று எவரும் இல்லாமல் மண்ணுக்குள் கிடந்தது அரசுக்குரியது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். ஆனால் பொருள் அரசுக்குரியது என்பது வேறு, காணி அரசுக்குரியது என்பது வேறு. தனியார் காணியிலுள்ள சின்னம் ஒன்றைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க வர்த்தமானி வழியான நடைமுறை இருக்கிறது, ஆட்சேபிக்கவும் இடமுண்டு. தவணை தவறாமல் ஆட்சேபிக்க வேண்டுமென்றால் வர்த்தமானியை யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் உரிமையாளரின் காணியில் பார்ப்பதற்கு ஆளில்லாமல்தான் தவணை தவறுகிறது.

பயம் காரணமில்லாதது என்று சொல்ல வரவில்லை. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுகளுக்கென ஜனாதிபதிச் செயலணி அமைக்கப்பட்டபோது அதில் தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இருக்கவில்லை. அப்படி ஒரு சூழலில் ஊர்ச்சனம் ‘ஓட்டைக் கண்டால் மூடிவிடு’ என்ற முடிவுக்கு வருவது விளங்கக்கூடியது. ஆனாலும் மூடுவதால் யாருக்கு இலாபம் என்று பாருங்கள். பதிவில்லாத இடத்தைப் பற்றி யாரும் எதையும் சொல்லலாம். அளவு, படம், திகதி, ஒப்பம் எல்லாம் ஊரின் கையில் இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. இதற்கு மறுபக்கமும் உண்டு. கிடைத்தது பௌத்தச் சின்னம் என்றால் மறைத்துவிடுவது நம் பக்கத்துப் பிழை. கந்தரோடையின் சிறு தூபிகள் மண்ணிலிருந்து மறைந்துவிடப் போவதில்லை. தமிழ் பேசியோரில் பௌத்தர்களும் இருந்த காலத்தை நம் வரலாற்றறிஞர்களே விரிவாக எழுதியிருக்கிறார்கள். மறைத்த சின்னம் பிறகு வேறொருவரின் கதைக்குத்தான் சான்றாகும்.

நடைமுறை இதுதான். கிராம அலுவலர், பிரதேச செயலகம், தொல்லியல் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகம் மூன்றுக்கும் ஒரே கடிதம், படங்களின் அச்சுப்பிரதியோடு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறைக்கும் ஒரு பிரதி, தொல்லியல் ஆசிரியர்கள் இருப்பது அங்கேதான். தமிழிலேயே எழுதுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், இல்லாவிட்டால் பதிவுத் தபால். வாயால் சொன்னது கணக்கில் வராது. முகநூலில் போடுவதை மட்டும் தள்ளி வையுங்கள். ஒழுங்கைப் பெயரோடு படம் போனால் அடுத்த இரவே புதையல் தேடுவோர் வந்துவிடுவார்கள்.

பெரிய கட்டட வேலை என்றால் இன்னொரு கதவும் உண்டு. கால் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தில் வரும் திட்டங்களுக்குத் தொல்லியல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி சொல்கிறது. நம் கணக்கில் ஏறத்தாழப் பத்துப் பரப்பு. மண்டபம், ஹோட்டல், காணி துண்டுபோட்டு விற்பது எல்லாம் இதற்குள் வரக்கூடும். வேலை தொடங்க முன்னர் ‘மதிப்பீடு நடந்ததா?’ என்று பிரதேச சபையில் எழுத்தில் கேட்டாலே பல இடங்களில் பெக்கோ நிற்கும்.

அகழ்வுக்குழு உண்மையிலேயே வந்தால் ஊர் கைகட்டி நிற்கத் தேவையில்லை. இந்த இடத்தில் வேடர்களின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும், இலங்கையில் ஆதிக்குடி என்ற சொல்லுக்கு முதல் உரியவர்கள் அவர்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நூறு வருடத்துக்கு மேல் இருந்த ஒன்பது மண்டையோடுகளை 2019 நவம்பரில் வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோ நேரில் சென்று பெற்றுக்கொண்டார். எடுத்துப் போனபோது யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. உலகத் தொல்லியல் மாநாட்டின் 1989ஆம் ஆண்டு வெர்மிலியன் உடன்பாடு மனித எச்சங்கள் விடயத்தில் இறந்தவரின் விருப்பம், ஊராரின் விருப்பம், ஆய்வின் மதிப்பு மூன்றையும் மதித்துப் பேசித் தீர்க்கச் சொல்கிறது. ஐ.நா.வின் ஆதிக்குடிகள் உரிமைப் பிரகடனம் 2007இல் வந்தது. இவை எதுவும் நம் நீதிமன்றத்தில் நேரடியாகச் சட்டமாக நிற்காது, ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் சேர்ந்த எந்த அகழ்வும் இவற்றைத் தட்டிக்கழிக்க முடியாது. வாகரை, வெருகல், மூதூர்ப் பக்கத்துக் கரையோர வேடர்கள் தமிழ் பேசுகிறார்கள் என்பதால் அவர்களைத் தமிழர் என்ற ஒரே பெட்டியில் போட்டுவிட்டு அவர்களின் சடங்கிடங்களை நாம் அளக்கப் போவதும் இதே தவறுதான்.

முதல் மண்வெட்டி விழ முன்னர் குழுவிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. அனுமதிப்பத்திரம் யார் பெயரில், எந்தத் திகதி வரை? பொருட்கள் எங்கே போகும்: நாவலர் வீதி அருங்காட்சியகத்துக்கா, பல்கலைக்கழகத்துக்கா, கொழும்புக்கா? எடுத்துச் செல்லும் ஒவ்வொன்றுக்கும் பட்டியல் ஒன்று ஊருக்குத் தரப்படுமா? வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போகும் மாதிரிகளின் முடிவு எப்போது, எந்த மொழியில் திரும்பி வரும்? எலும்பு வந்தால் ஆய்வுக்குப் பிறகு எங்கே வைப்பது, திரும்ப அடக்கம் செய்வதா? தோட்டப் பயிர் அழிந்தால் இழப்பீடு யார் தருவார்? குழியை எப்படி மூடுவார்கள்? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அடியில் நீர் போகக்கூடிய வலைத்துணி விரித்து, சுத்தமான மணல் போட்டு, அதற்கு மேல் பழைய மண்ணை நிரப்பினால் அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு எல்லை தெரியும். கறுப்புப் பொலித்தீன் விரித்தால் ஈரம் தேங்கிச் சுவர் அழுகும். மூடாமல் விட்டால் ஐப்பசி மழையிலேயே குழி இடிந்துவிடும். தையிலிருந்து புரட்டாதி வரைதான் இங்கே அகழ்வுக் காலம், அதிலும் நிலத்தடி நீர் இறங்கியிருக்கும் மாதங்களே நல்லவை.

‘ஊர்’ என்று யார் பேசுவது என்பதிலும் கவனம் வேண்டும். கோயில் பரிபாலன சபைத் தலைவரும் ஓய்வுபெற்ற அதிபரும் மட்டும் ஊர் அல்ல. நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அறிந்தவர்கள் கிணறு வெட்டுவோரும் கல்லுடைப்போரும் உழவு இயந்திரம் ஓட்டுவோரும். தீவுப்பகுதிக் கரையில் சீனப் பாண்ட ஓடு எங்கே ஒதுங்குகிறது என்பது கடற்றொழிலாளருக்குத் தெரியும். அல்லைப்பிட்டியில் சொங் காலச் சீனப் பாண்டங்கள் 1970களின் இறுதியில் கவனத்துக்கு வந்த பிறகும் அந்தக் கரைகளை ஒழுங்காகப் பதிந்தவர் குறைவு. அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடாமல் எடுத்த ‘ஊர்ச் சம்மதம்’ எந்தப் பெறுமதியும் அற்றது.

மண்வெட்டி இல்லாமல் செய்யக்கூடிய வேலைகளில் முதலாவது உறுதிகள். ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் காணி உறுதியில் காணியின் பெயர் எழுதப்பட்டிருக்கும். பிட்டி, புட்டி, கலட்டி, கோட்டை, பள்ளி என்று முடியும் பெயர்களை மட்டும் சேர்த்து நில அளவைப் படத்தில் குறித்துப் பாருங்கள். மேடுகள் மண் எடுத்துத் தட்டையாகிப் போன பிறகும் பெயர் உறுதியில் நிற்கும். உறுதியின் பெயர்ப் பகுதியை மட்டும் படமெடுத்தால் போதும், எல்லையும் ஆள்பெயரும் வேண்டியதில்லை. அப்படிச் சொன்னால்தான் சனம் உறுதியை வெளியே எடுக்கும்.

அடுத்தது கோயில் திருப்பணி. பாலஸ்தாபனம் செய்து பழைய கட்டடத்தை இடிக்க முன்னர் இரண்டு நாள் ஒதுக்கி ஒவ்வொரு கல்லின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்கள், படிக்கல்லையும் துவைகல்லையும் திருப்பிப் பார்த்து. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் சோழர் காலத்துக் கல்வெட்டுத் துண்டே கிடைத்திருக்கிறது, கல் எங்கிருந்து எங்கே போனது என்று சொல்ல முடியாத நாடு இது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, உடைந்த கப்பலில் யானை குதிரை வந்திருந்தால் நாலில் ஒரு பங்கும் வணிகப் பண்டம் வந்திருந்தால் பாதியும் பண்டாரத்துக்கு என்று சொல்கிறது. அப்படியொரு கல்லுக்கு இனாமல் பெயின்ற் அடித்தால் என்ன மிஞ்சும்? மணல் பீச்சிச் சுத்தம் செய்வது இன்னும் கேடு, எழுத்தின் ஓரத்தை அது தின்றுவிடும். படியெடுப்பதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். நீங்கள் செய்யக்கூடியது, இரவில் ஒரு டோர்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போல் தாழ்வாகப் பிடித்து எட்டுத் திசையிலிருந்தும் எட்டுப் படம் எடுப்பது. பகலில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து நிழலில் எழும்பி வரும். கைபேசி அசையாமல் இருக்க முக்காலி வேண்டும், எட்டுப் படமும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும்.

பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைச் சீமெந்தால் பூசித் திருத்துவது பற்றியும் ஒரு வார்த்தை. சீமெந்து சுண்ணாம்புக்கல்லையும் முருகைக்கல்லையும் விடக் கடினம், ஈரத்தை வெளியே விடாது. உள்ளே சிக்கிய உப்பு நீர் பூச்சை விட்டுக் கல்லைத் தின்னும். இரண்டு மூன்று மாரிக்குள் பூச்சு பாளமாக விழும்போது கல்லின் முகமும் சேர்ந்து விழும். நீற்றிய சுண்ணாம்புக் களி ஒன்றுக்கு உப்பில்லாத மணல் மூன்று, ஒரு தரத்துக்கு ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்படாத பூச்சு, குறைந்தது ஒரு வாரம் ஈரச்சாக்குப் போட்டு நனைத்தல். சோளகம் வீசும் மாதங்களில் பூசினால் காற்றே ஈரத்தை உறிஞ்சி வெடிக்க வைக்கும். தை, மாசி நல்லது. சுவரில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்க வேண்டாம், கல்லையும் சேர்த்து இழுத்து வரும். அடியோடு வெட்டி, வேர் பட்ட பிறகு வெடிப்பை நிரப்புங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டடமென்றால் இதில் எதையும் திணைக்களத்தின் அனுமதியின்றிச் செய்யக் கூடாது.

எடுத்த பதிவுகளை ஒரே கணினியில் வைக்காதீர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தபோது பலவற்றுக்கு வேறு பிரதியே இருக்கவில்லை. ஊர் வாசிகசாலையில் ஒன்று, பல்கலைக்கழகத்தில் ஒன்று, வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் ஒன்று. ஏடு, பழைய படம், மலர் போன்றவற்றை, இணையத்தில் எண்ணிம நூலகம் நடத்தும் ‘நூலக நிறுவனம்’ எண்ணிம வடிவில் ஏற்றுக்கொள்கிறது.

கடிதம் கொடுத்து மாதங்களாகியும் பதில் இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: இன்ன திகதியில் கொடுத்த அறிவித்தல் மீது எடுத்த நடவடிக்கை, கள ஆய்வு நடந்திருந்தால் அதன் அறிக்கை, எடுத்துச் சென்ற பொருட்களின் பட்டியல், அவை இப்போது இருக்கும் இடம். தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ‘எங்கள் ஊர்த் தொல்லியல் பற்றிய எல்லா விபரமும்’ என்று கேட்டால் ஒன்றும் வராது. பை இலக்கத்தையும் முத்திரையிட்ட திகதியையும் சொல்லிக் கேளுங்கள்.